காசு கேட்காத டிராகன்கள்

ஆர்கேட் விளையாட்டு ஒன்று வீட்டு கன்சோலுக்கு வந்தால் உடனே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: அசல் மாதிரியே இருக்கிறதா? வண்ணம் எத்தனை குறைந்தது, இசையில் எந்த வாத்தியம் விடுபட்டது, ஓட்டத்தில் வேகம் குறைந்ததா என்று 1980-களின் கணினி இதழ்கள் அலசி மதிப்பெண் போட்டன. இன்று யூடியூபில் இரண்டு திரைகளை அருகருகே ஓடவிட்டு அதே வேலையைச் செய்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அது பாதிக் கேள்விதான். ஆர்கேட் எந்திரம் காசு வாங்கிக்கொண்டு நேரத்தை விற்பது. ஒருவர் நெடுநேரம் ஒரே காசில் ஆடினால் கடைக்காரருக்கு நஷ்டம். இரண்டே நிமிடத்தில் தோற்றால் ஆடியவர் திரும்பி வரமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த விளையாட்டின் ஒவ்வொரு விதியும் எழுதப்பட்டது. வீட்டிலோ விலை முழுவதும் முதலிலேயே கொடுத்தாகிவிட்டது. அப்போது அந்த விதிகளை என்ன செய்வது? வீட்டுப் பதிப்புகளை உண்மையில் பிரித்துக்காட்டுவது இந்தக் கேள்விக்கு அவை சொன்ன பதில்தான் என்பது என் கணிப்பு.

இதைப் பார்க்க மிகத் தோதான விளையாட்டு பபிள் பாபிள். ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1986-ல் வெளியிட்டது. வடிவமைத்தவர் ஃபுகியோ மிட்சுஜி. பெண்களும் காதல் ஜோடிகளும் ஆர்கேட் கடைக்குள் வந்து சேர்ந்து ஆட வேண்டும் என்பதே அவர் நோக்கம். சுட்டுத்தள்ளும் விளையாட்டுகள் நிறைந்திருந்த கடையில் அவர் வைத்தது குட்டி டிராகன்கள் இரண்டு: பச்சை பப், நீல பாப். வாயிலிருந்து குமிழி ஊதுவார்கள். எதிரி அதற்குள் சிக்குவான். குமிழியை உடைத்தால் எதிரி சுருண்டு விழுந்து பழமோ கேக்கோ ஆகிவிடுவான். திரை நகராது. ஒரு திரைக்கு ஒரு லெவல், மொத்தம் 100 லெவல்.

பார்க்கக் குழந்தை விளையாட்டு, உள்ளே கணக்குப்பிள்ளையின் பேரேடு. ஒரே அடியில் ஒரு எதிரியை உடைத்தால் 1,000 புள்ளி, இரண்டு பேரை உடைத்தால் இரண்டாமவருக்கு 2,000, பிறகு 4,000, 8,000 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஏழாமவருக்கு 64,000. அதனால் தேர்ந்த ஆட்டக்காரர் எதிரியைக் கண்டதும் உடைப்பதில்லை. எல்லாரையும் குமிழிக்குள் அடைத்து, காற்றோட்டம் அவற்றை ஓரிடத்தில் சேர்க்கும்வரை காத்திருப்பார். அந்தக் காற்றோட்டம் லெவலுக்கு லெவல் வேறு. கண்ணுக்குத் தெரியாது, குமிழிகள் மிதக்கும் திசையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எத்தனை குமிழி ஊதினோம், எத்தனை உடைத்தோம், எத்தனை தடவை குதித்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதையெல்லாம் எந்திரம் எண்ணிக்கொண்டே இருக்கும். வேகக் காலணியும் குமிழியின் வீச்சைக் கூட்டும் மிட்டாயும் திடீரெனத் தோன்றுவது அந்த எண்ணிக்கைகளின் விளைவு. ஒரு உயிர்கூட இழக்காமல் 20, 30, 40-ஆம் லெவல்களை எட்டினால் ரகசிய அறைக்கான கதவு திறக்கும். அறைக்குள் மறைகுறி எழுத்தில் ஒரு செய்தி இருக்கும்.

காத்திருப்பவருக்குக் கடிவாளமும் உண்டு. நேரம் இழுத்தால் 'சீக்கிரம்' என்று எச்சரிக்கை வரும். எதிரிகள் சிவந்து வேகமெடுப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் எலும்புத் திமிங்கலம் போன்ற ஒன்று கிளம்பி டிராகனைத் துரத்தும். அதைக் குமிழியில் பிடிக்க முடியாது, கொல்லவும் முடியாது. கடைக்காரர் சார்பில் வாடகை வசூலிக்க வருகிறவர் அவர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக முடிவு. தனி ஆளாக 100-ஆவது லெவலைக் கடந்தால், இது உண்மையான முடிவல்ல, நண்பருடன் வா என்று விளையாட்டு திருப்பி அனுப்பிவிடும். இருவர் சேர்ந்து கடைசிப் பூதத்தை வீழ்த்தினால்தான் நல்ல முடிவு கிட்டும். மிட்சுஜியின் ஆசையும் கடையின் வருமானமும் இங்கே கச்சிதமாகக் கைகோக்கின்றன. இரண்டு பேர் என்றால் இரண்டு மடங்கு காசு. ஆனால் அதைப் பேராசை என்று யாரும் திட்டவில்லை, ஏனென்றால் இருவர் ஆடும்போது இந்த விளையாட்டு உண்மையிலேயே வேறொன்றாகிவிடுகிறது. ஒருவர் ஊதிய குமிழிமேல் மற்றவர் ஏறிக் குதிக்கலாம். ஒருவர் சேர்த்துவைத்ததை மற்றவர் அவசரப்பட்டு உடைத்துக் கெடுக்கவும் செய்யலாம்.

இதை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் முதலில் முட்டிக்கொண்டது வன்பொருளோடு. ஆர்கேட் பலகையில் ஆட்டத்தை நடத்த இரண்டு இசட்80 செயலிகள், ஒலிக்கென்று மூன்றாவதாக ஒன்று, போதாததற்கு யமஹாவின் இரண்டு எஃப்எம் இசைச் சில்லுகள். இவற்றோடு டைட்டோ ஒரு நுண்கட்டுப்பாட்டுச் சில்லையும் பொருத்தியிருந்தது. நகல் எடுப்பவர்களைத் தடுப்பது அதன் முக்கிய வேலை. நின்டெண்டோவின் ஃபேமிகாமில் இருந்ததோ 1.79 மெகாஹெர்ட்ஸ் செயலி ஒன்றே ஒன்று.

செயலியைவிட ஸ்பிரைட்தான் பெரிய தலைவலி. திரையில் தனியாக நகரும் சின்னப் படத்துண்டுக்கு அந்தப் பெயர். ஃபேமிகாமில் மொத்தம் 64 ஸ்பிரைட் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் கூடாது, ஒன்பதாவது மறைந்துவிடும். ஒரு ஸ்பிரைட்டின் அகலம் 8 புள்ளி. டிராகனும் குமிழியும் 16 புள்ளி அகலமென்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பிரைட் வேண்டும். ஆக, ஒரே உயரத்தில் நான்கு குமிழிகள் நின்றாலே ஒதுக்கீடு தீர்ந்தது. இப்போது விளையாட்டின் அடிப்படையை நினைத்துப் பாருங்கள். குமிழிகள் மிதந்து மேலே போய்க் கூரையடியில் வரிசையாகக் கூடும். தேர்ந்த ஆட்டம் என்பதே அவற்றைக் கூடவிடுவதுதான். அதாவது, நன்றாக ஆட ஆட எந்திரம் திணறும்படியாக, அந்தச் சில்லுக்கு மிகக் கொடுமையான வேலையைத் தேடித் தேடித் தருகிற விளையாட்டு இது. நிரலர்களுக்கு இருந்த வழி, எந்தக் குமிழியை விட்டுவிடுவது என்பதை ஒவ்வொரு சட்டகத்துக்கும் மாற்றிக்கொண்டே இருப்பது. அப்போது எதுவும் அடியோடு மறையாது, எல்லாமே மினுக்கும். வீட்டில் பபிள் பாபிள் ஆடிய தலைமுறைக்கு அந்த மினுக்கல் விளையாட்டின் இயல்பாகவே பதிந்துவிட்டது.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே வீட்டு விளையாட்டென்றால் கன்சோலைவிட கணினிதான். பிரிட்டிஷ் டெலிகாமின் மென்பொருள் பிரிவான ஃபயர்பேர்டு வெளியிட, மான்செஸ்டரின் சாஃப்ட்வேர் கிரியேஷன்ஸ் 1987-ல் கமடோர் 64-க்கும் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்துக்கும் பதிப்புகளை உருவாக்கியது. ஒரு விளையாட்டை வேறொரு எந்திரத்துக்கு மாற்றி எழுதும் போர்ட் வேலை அந்தக் காலத்தில் பலவேளைகளில் எப்படி நடந்தது என்பது இன்றைக்கு வியப்பாக இருக்கும். மூல நிரல் கைக்கு வராது. அலுவலகத்தில் ஆர்கேட் எந்திரம் ஒன்றை இறக்கிவைத்து, ஆடி ஆடிப் பார்த்து, எதிரி எத்தனை புள்ளி நகர்கிறான், எங்கே திரும்புகிறான் என்று கண்ணால் அளந்து எழுத வேண்டியதுதான். ஸ்பெக்ட்ரமில் 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்கு இரண்டே வண்ணம்; பச்சை டிராகனும் நீல டிராகனும் ஒட்டி நின்றால் யார் நிறத்தை யாருக்குக் கொடுப்பது? கமடோர் 64-ல் வன்பொருள் ஸ்பிரைட் எட்டுதான், இசைக்கு மூன்றே குரல். இவ்வளவு நெருக்கடியிலும் கமடோர் பதிப்பு அந்தக் கணினியின் மிகச் சிறந்த ஆர்கேட் மாற்றங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

அது ஏன்? படம் அசலுக்கு அருகில்கூட வராது. குதிப்பும் குமிழியும் அசலாக இருந்தன என்பதே என் பதில். குமிழிமேல் ஏறி நின்று குதிக்கும் அந்த நொடியின் நெளிவு சரியாக இருந்தால் மற்றதைக் கண் மன்னித்துவிடும். அது பிசகினால் எத்தனை வண்ணம் கொட்டியும் பயனில்லை. அழகான விளையாட்டு என்று நாம் சொல்வதில் பாதி அழகு கை உணர்வது.

இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தடாஷி கிமிஜிமா அமைத்த மெட்டு மிகக் குட்டியானது. அநேகமாக விளையாட்டு முழுவதும் அதுவே திரும்பத் திரும்பச் சுழலும். ஆர்கேட் கடையின் இரைச்சலில் அது காதுக்குச் சுகம். பக்கத்து எந்திரங்களின் சத்தத்தை மீறித் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும் உத்தியும்கூட. கூடத்தில் டிவி முன்னால் மூன்று மணி நேரம் அதே மெட்டு என்றால் வீட்டிலுள்ள மற்றவர்களின் கருத்தையும் கேட்க வேண்டும்.

ஜப்பானில் 1987-ல் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கும், 1988-ல் அமெரிக்காவில் ஃபேமிகாமின் அந்நாட்டு வடிவமான என்இஎஸ்-க்குக் கேட்ரிட்ஜாகவும் வந்த பதிப்பில்தான் வீடு என்பது வேறு இடம் என்ற உணர்வு முதலில் தெரிகிறது. ஐந்தெழுத்துக் கடவுச்சொல் கொடுத்தார்கள். இன்று விட்ட லெவலில் நாளை தொடரலாம். இந்தச் சிறு வசதி விளையாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிப்போட்டது. கடையில் 60-ஆவது லெவலைப் பார்த்தவர் ஊருக்கு நாலு பேர். வீட்டில் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்தெழுத்தை எழுதிவைத்த எந்தப் பிள்ளையும் பார்த்துவிடலாம். திறமைக்கும் காசுக்கும் கிடைத்தது பொறுமைக்கும் கிடைத்தது. ஆனால் அந்த எலும்புத் திமிங்கலம் மட்டும் வீட்டிலும் துரத்திக்கொண்டேதான் இருந்தது. வாடகையே இல்லாத வீட்டில் அவருக்கு என்ன வேலை என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் இல்லாவிட்டால் ஆட்டம் உப்பில்லாமல் போயிருக்கும் என்பதும் உண்மை. காசுக்காகப் பிறந்த விதியானாலும், காசு போன பிறகும் நிற்கத் தகுதியுள்ளது என்று நிரூபித்த ஒன்று அது.

சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் இன்னும் ஒரு படி போனது. ஜப்பானில் 1988-ல் ஃபைனல் பபிள் பாபிள் என்ற பெயரில் வந்த அதில் 200 லெவல், ஆர்கேடில் இல்லாத பாஸ் சண்டைகளும் உண்டு. ஆர்கேட் திரை 256-க்கு 224 புள்ளி. மாஸ்டர் சிஸ்டத்தின் திரை 256-க்கு 192. அகலம் அச்சாகப் பொருந்தும், உயரத்தில் 32 புள்ளி குறையும். மேடைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் குதிப்பின் கணக்கு என்பதால் இந்த 32 புள்ளி சின்ன விஷயமல்ல. எங்காவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நகல் என்ற அளவில் இது தோற்கிறது. வீட்டில் வைத்து மாதக்கணக்கில் ஆடும் விளையாட்டு என்ற அளவில் எட்டு பிட் காலத்தின் சிறந்த பபிள் பாபிள் இதுவே என்பேன். நகலின் விசுவாசத்தை மட்டும் அளப்பவர்கள் இதற்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

கேம் பாய் பதிப்பு இதற்கு நேர்மாறு. 160-க்கு 144 புள்ளித் திரைக்குள் முழு லெவல் அடங்காது என்பதால் திரையை நகரவிட்டார்கள். முழு அரங்கமும் ஒரே பார்வையில் தெரியாவிட்டால் குமிழிகள் எங்கே கூடுகின்றன என்று பார்த்து எப்படித் திட்டம் போடுவது? வன்பொருளின் குறையை மறைக்கப் போய் விளையாட்டின் உயிர்நாடியைக் கைவிட்ட பதிப்பு அது.

இதே கேள்வியைப் பக்கத்து விளையாட்டுகளிடமும் கேட்கலாம். மிட்சுஜியின் அடுத்த படைப்பான ரெயின்போ ஐலண்ட்ஸில் (1987) ஆர்கேட் அசலுக்குப் பத்துத் தீவுகள். கடைசி மூன்று ரகசியம். பிரிட்டனின் கிராஃப்ட்கோல்டு செய்த அமிகா பதிப்பு பதிப்பாளர் கைமாறியதில் தாமதமாகி, ஓஷன் மூலம் 1990-ல் வெளியானது. வண்ணமும் ஓட்டமும் அற்புதம், ஆனால் தீவுகள் ஏழுதான். அசலின் புதிர் முழுவதும் அந்த மறைந்த மூன்றை நோக்கித்தான் நகர்கிறது என்று தெரிந்தவருக்கு இது க்ளைமாக்ஸ் வெட்டப்பட்ட படம், தெரியாதவருக்கு முழுப்படம். டைட்டோவின் இன்னொரு விளையாட்டான நியூசிலாந்து ஸ்டோரியின் சேகா மெகா டிரைவ் பதிப்பிலோ லெவல் அமைப்பே ஆர்கேடிலிருந்து வேறுபடும். பபிள் பாபிள் வரிசையில் அடுத்து வந்த பாரசோல் ஸ்டார்ஸ் ஆர்கேட் பக்கமே போகாமல் 1991-ல் நேரே பிசி எஞ்சின் கன்சோலில் பிறந்தது. ஐந்தே ஆண்டுகளில் அந்தக் குடும்பம் கடையை விட்டு வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

நம்மூர் ஆட்களுக்கு இந்த வகையில் நெருக்கமானது ஸ்னோ ப்ரோஸ். டோப்ளான் நிறுவனம் 1990-ல் ஆர்கேடுக்காகச் செய்தது. குமிழிக்குப் பதில் பனி, உடைப்பதற்குப் பதில் உருட்டிவிடுதல், மொத்தம் 50 லெவல். டிவி கேம் என்ற பெயரில் இங்கே விற்ற ஃபேமிகாம் நகல்களின் கேசட்டுகள் வழியாகவும் பிறகு கணினி வழியாகவும் அதை ஆடியவர்கள் பலருக்கு அது ஆர்கேட் எந்திரத்துக்கென்று செய்யப்பட்டது என்பதே தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை வீட்டுப் பதிப்புதான் அசல். ஜப்பானில் மட்டும் 1993-ல் டெங்கன் வெளியிட்ட மெகா டிரைவ் பதிப்பு இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு நல்ல சாட்சி. 50 லெவல் முடிந்த பிறகு இன்னும் 20 லெவல்களைச் சேர்த்தார்கள். அதில், அதுவரை காப்பாற்றப்படக் காத்திருந்த இளவரசிகள் தாங்களே ஆடுகளத்தில் இறங்குகிறார்கள். கடையில் இப்படிச் செய்ய எவருக்கும் தோன்றாது. 50 முடித்தவரை எழுப்பிவிட்டு அடுத்தவரை உட்காரவைப்பதுதான் அங்கே லாபம். அந்தக் கேட்ரிட்ஜ் இன்று சேகரிப்பாளர்களிடம் யானை விலை.

தொண்ணூறுகளின் நடுவில் வன்பொருள் ஒரு சாக்காக இருப்பது நின்றுபோனது. பிளேஸ்டேஷனும் சேகா சாட்டர்னும் 1986-ன் பலகையை எல்லா வகையிலும் விஞ்சின. அசலை அப்படியே தருவது இனிச் சுலபம் என்று நினைக்கும்போதுதான் வேடிக்கை நடந்தது: பபிள் பாபிளின் மூல நிரல் தொலைந்துவிட்டதாக டைட்டோவே சொன்னது. 1996-ல் ரெயின்போ ஐலண்ட்ஸோடு சேர்த்து ஒரே வட்டில் வெளியிட ஒப்பந்தமான புரோப் நிறுவனத்துக்கு டைட்டோவிடமிருந்து வந்தது ஓர் ஆர்கேட் பலகை. ஆடிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். மான்செஸ்டர்காரர்களின் காலத்துக்கே வேலை திரும்பிப் போனது. படம் முழுதாக வந்துவிட்டது; கண்ணுக்குத் தெரியாத எண்ணிக்கைகளும் காற்றோட்டமும்தான் மறுபடியும் ஊகத்தில் நின்றன.

மறுபுறம், ஆர்கேட் எந்திரங்களை மென்பொருளில் உயிர்ப்பிக்கும் மேம் திட்டம் 1997-ல் தொடங்கியது. அங்கே முட்டுக்கட்டை அந்த நுண்கட்டுப்பாட்டுச் சில்லு. உள்ளே இருப்பதை வெளியே படிக்கவிடாதபடி செய்யப்பட்டது அது. போனஸ் உயிருக்காகச் சேர்க்கும் எழுத்துக் குமிழிகளில் எந்த எழுத்து வரும் என்பதிலும் அதற்குப் பங்கு இருந்தது. அந்தக் காலத்திலேயே பாபிள் பாபிள் என்று பெயரை மட்டும் லேசாக மாற்றி, சில்லை ஓரங்கட்டிவிட்டு விற்ற திருட்டு நகல்கள் இருந்தன. அவற்றை வைத்துத்தான் பல ஆண்டுகள் அசலை ஊகிக்க வேண்டியிருந்தது. கடைசியில் சில்லின் மேலுறையைக் கரைத்துத் திறந்து உள்ளிருப்பதைப் படித்தெடுத்த பிறகே கணக்கு முழுமையானது. நகலைத் தடுக்கவென்று வைத்த பூட்டு, விளையாட்டைப் பாதுகாக்க வந்தவர்களைத்தான் அதிக காலம் வெளியே நிறுத்தியது.

அதன்பின் வீட்டுப் பதிப்பு என்ற கலைக்கே பெரிதாக வேலையில்லாமல் போயிற்று. டைட்டோ லெஜண்ட்ஸ் போன்ற தொகுப்புகளில் பபிள் பாபிள் இருபதோடு இருபத்தொன்றாக வந்தது. 2019-ல் ஸ்விட்ச்சில் வெளியான பபிள் பாபிள் 4 ஃப்ரெண்ட்ஸில் அசல் ஆர்கேட் ஆட்டம் கூடுதல் பரிசாகவே கிடைத்தது. பட்டனை அழுத்தினால் காசு போட்டதாக எந்திரம் நம்பிக்கொள்ளும். எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். இதை நான் முழு வெற்றியாக எண்ணவில்லை. காசின் பயத்தில் பிறந்த விதிகள் அப்படியே இருக்கின்றன, பயம் மட்டும் இல்லை. ஃபேமிகாம் நிரலரும் மாஸ்டர் சிஸ்டம் நிரலரும் அந்த வெற்றிடத்தைக் கடவுச்சொல்லாலும் புதிய லெவல்களாலும் நிரப்பினார்கள். துல்லிய நகல் எதையும் நிரப்புவதில்லை. அதற்காகப் புதிதாகச் சேர்ப்பதெல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. 2006-ல் அமெரிக்காவில் வந்த நின்டெண்டோ டிஎஸ் பதிப்பான பபிள் பாபிள் ரெவல்யூஷனில் 30-ஆவது லெவலின் பாஸ் பிழை காரணமாகத் தோன்றவே மாட்டான். அவன் வராமல் லெவல் முடியாது, அடுத்ததற்குப் போகவும் முடியாது. ஆர்கேட் கடையில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அன்று மாலையே எந்திரத்தைத் தூக்கியிருப்பார்கள்.

சேர்த்ததில் எது நிலைத்தது என்பதற்கு ஒரு தடயம் உண்டு. 2010-களில் ரசிகர்கள் சிலர் மாஸ்டர் சிஸ்டத்துக்கென்று அமைத்த கூடுதல் லெவல்களை எடுத்து, 1986-ன் ஆர்கேட் பலகையிலேயே ஓடும்படி மாற்றி, லாஸ்ட் கேவ் என்று பெயரிட்டார்கள். வீட்டுக்காக எழுதியது கடைக்குப் போனது. இந்த முறை அதை ஆடுபவர் காசு போடுவாரா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.